குடைக்கு அடுத்த படம்

என் மூளையில் இருந்த கட்டி எப்படிப்பட்டது என்பது என் வீட்டு ஆட்களுக்குத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மண்டை ஓட்டைத் திறந்து வைத்திருக்க, அறுவை மேசையில் ஒருக்களித்துப் படுத்தபடி என் காதாலேயே கேட்டேன். கேட்டதை ஏழு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்படி ஒரு வீம்பு எனக்கு எதற்கு என்று இப்போது யோசித்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

இப்போது எழுதக் காரணம், இப்போது சொற்கள் வருகின்றன. போன மாதம் வரவில்லை. ஸ்டீராய்டு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததில் மூளையின் வீக்கம் வற்றி, போன சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன. எத்தனை நாளைக்கு என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். வராத சொல்லுக்கு இடம் விட்டுவிட்டுப் போகிறேன். என் மனைவி பிலோமி வந்து படித்துப் பார்த்து அதை நிரப்புகிறாள். எங்காவது என்னைவிட நல்ல சொல் இருந்தால் அது அவளுடையது.

என் பெயர் சூசைராஜ். மானகிரியில் வீடு. காரைக்குடியில் சின்னதாக ஒரு லேப் வைத்திருக்கிறேன். ரத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அங்கேயே பார்ப்போம். சதைத் துண்டு என்று வந்தால் மட்டும் மதுரைக்கு அனுப்பிவிட்டு ரிப்போர்ட்டை வாங்கிக் கொடுப்போம். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நானும் பிலோமியும்தான்.

லேப் தொடங்கிய புதிதில் கவுன்ட்டரில் அவள்தான் உட்காருவாள். ஒரு நாள் ஓர் அம்மா, மகனுடைய ரிப்போர்ட்டை வாங்கியவர், நின்றபடியே கவரைப் பிரித்துப் படித்துவிட்டு அப்படியே தரையில் சரிந்துவிட்டார். அன்றிலிருந்து பிலோமி ஒரு வழக்கம் வைத்தாள். நல்ல ரிப்போர்ட் என்றால் கவருக்கு ஒரு பின். மோசமான ரிப்போர்ட் என்றால் இரண்டு பின். எடுத்துக் கொடுக்கிறவருக்குப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிடும். "கொஞ்சம் உக்காருங்க, தண்ணி குடிங்க, கூட யாரு வந்திருக்காக?" என்று விசாரிக்கலாம். வாங்குகிறவருக்கும் இரண்டு பின்னைக் கழற்றக் கொஞ்ச நேரம் கூடுதலாகும். அதற்குள் அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிடலாம். பிலோமி கவுன்ட்டரை விட்டுப் போனபின் நூர்ஜஹான் வந்தாள். பதினைந்து வருஷமாக அவள்தான் லேப்பின் வலது கை. அவளும் அந்த வழக்கத்தை விடவில்லை.

எனக்கு வந்ததும் அந்த லேப்பில் வைத்துத்தான். ஒரு காலைப் பொழுதில் ஒரு டாக்டருக்குப் போனில் சர்க்கரை அளவை வாசித்துக்கொண்டிருந்தேன். எண் வந்தது. 'சர்க்கரை' என்ற சொல் வரவில்லை. கண் முன்னே தாளில் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. "அதான் டாக்டர், இனிப்பு, இனிப்பு" என்று சமாளித்தேன். அவர் சிரித்தார். நூர்ஜஹான் சிரிக்கவில்லை. நாலு நாள் கழித்து வலது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. அடுத்தது எனக்கு ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது நூர்ஜஹான் என்னை ஒருக்களித்துக் கிடத்தி, தன் துப்பட்டாவை என் தலைக்கு அணை கொடுத்து, "அண்ணே, என்னைப் பாருங்கண்ணே, என் பேரு என்ன, சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் பேர் என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

ஸ்கேனில் இடது பக்க மூளையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வெள்ளை. பிலோமியின் தம்பி பெஞ்சமின் காரை எடுத்து வந்தான். திருப்பத்தூர், மேலூர் என்று மதுரைக்குப் போகும் வழியெல்லாம் பிலோமி என் வலது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள். கை மறுபடி இழுத்தால் தன்னைத் தாண்டித்தான் இழுக்க வேண்டும் என்பதுபோல அழுத்தமாகப் பிடித்திருந்தாள். ஸ்கேன் அறை வாசலிலும், ரத்தம் எடுக்கிற வரிசையிலும், மயக்க மருந்து டாக்டரின் அறை வாசலிலும் மூன்று நாள் இப்படியே உட்கார்ந்திருந்தோம். அடுத்தவர் ரத்தத்தை எடுத்தே பழகிய எனக்கு என் ரத்தத்தைக் கொடுக்க உட்காருவது பெரிய அவமானமாக இருந்தது. ஊசி போட்ட பெண்ணிடம் "அந்த நரம்பு வேண்டாம்மா, நழுவும்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்யவிருந்த டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"உள்ள போயி எது கட்டி, எது மூளைன்னு எப்படிக் கண்டுபிடிப்பீக?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இதைத்தான் சார் யாரும் கேக்க மாட்டாங்க. வெறும் கண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலத்தான் இருக்கும். ஓரத்துல ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும். அதனால மூணு வழியில பாப்போம்" என்றார்.

முதல் வழி, ஒரு மருந்து. ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னால் குடிக்கக் கொடுப்பார்கள். கட்டியின் செல்கள் அதை வேறொன்றாக மாற்றித் தம்மிடமே தேக்கிக்கொள்ளும். விளக்கை அணைத்து நீல ஒளியில் பார்த்தால் கட்டி ரோஸ் நிறத்தில் ஒளிரும், நல்ல மூளை நீலமாகவே இருக்கும். இரண்டாவது, ஒரு துண்டை வெட்டி உடனே உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. அரை மணி நேரத்தில் என்ன ரகம் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். முழு ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும். இது எனக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். மூன்றாவது வழிதான் நான் அதுவரை கேள்விப்படாதது.

"எங்க ஒளிருதுன்னு மருந்து காட்டும். அந்த இடத்துல உங்க பேச்சு இருக்கா இல்லையான்னு அது காட்டாது. அதை நீங்கதான் காட்டணும். பாதியில உங்களை எழுப்புவோம். மூளைக்கு வலி தெரியாது. நாங்க லேசான கரன்ட்டால ஒவ்வொரு இடமாத் தொடுவோம். நீங்க படம் பாத்துப் பேர் சொல்லணும். பேச்சு நின்னா அந்த இடத்தைத் தொட மாட்டோம்."

"அங்க கட்டி இருந்தா?"

"விட்டுருவோம்" என்றார். "அது பின்னால வளரலாம். ஆனா நீங்க பேசணும்ல சார்?"

பிலோமிதான் பதில் சொன்னாள். "இவுக பேசணும் டாக்டர். திட்டுறதுக்காச்சும் பேசணும்."

நான் வெளியே வந்தபின் அவளும் பெஞ்சமினும் உள்ளேயே நின்றுகொண்டார்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். பிலோமி கையைக் கூப்பினாள். பெஞ்சமின் குனிந்து ஏதோ சொன்னான். காதில் விழாவிட்டாலும் ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரியும். என் கவுன்ட்டரில் அதைக் கேட்காத வாரம் கிடையாது. 'என்ன வந்தாலும் எங்ககிட்டச் சொல்லுங்க, அவுககிட்ட மட்டும் சொல்லிராதீக.' எத்தனையோ பேருக்கு நானே தலையாட்டியிருக்கிறேன். அது அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போதும் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் அமுதா என்ற பேச்சுப் பயிற்சிப் பெண் வந்து படங்களைக் காட்டினாள். நான் தடங்கல் இல்லாமல் சொன்ன படங்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டாள். அப்போதுதான் மறுநாள் பேச்சு நின்றால், கரன்ட்டால்தான் நின்றது, சொல் தெரியாமல் நிற்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமாம். பசு, சாவி, நாற்காலி, குடை, கதவு எல்லாம் தேறின. ஒட்டகச்சிவிங்கி தேறவில்லை. "அதை எதுக்கும்மா நான் சொல்லணும், மானகிரியில யாரு வளக்குறா?" என்றேன். பிலோமி அன்றைக்கு அதற்குச் சிரித்தாள்.

மறுநாள் விடிகாலை மருந்தைக் கொடுத்தார்கள். புளித்த தண்ணீர்போல இருந்தது. தள்ளுவண்டியில் ஏற்றியபின் பிலோமி என் நெற்றியில் சிலுவை போட வந்தாள். வெட்ட வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்திருந்தார்கள். அது அழிந்துவிடக் கூடாது என்று பெருவிரலை இழுத்துக்கொண்டு, தாடையில் சிலுவை போட்டாள். "நல்லாப் பேசுங்க, என்ன? வாய் மூடிறாதீக" என்றாள். தியேட்டர் கதவு வரைக்கும் வந்தாள். அந்தக் கதவு பச்சை நிறம், நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி. அதில் அவள் முகம் தெரிந்தது. பிறகு தூக்கம்.

எழுப்பியபோது என் தலை ஒரு இரும்புப் பிடியில் அசையாமல் நின்றது. முகத்துக்கும் டாக்டருக்கும் நடுவே கண்ணாடித் தாள் போன்ற திரை. இந்தப் பக்கம் அமுதா, மடியில் படங்களோடு.

"இது?"

"இது பசு."

"இது?"

"இது சாவி."

நடுவில் விளக்கை அணைத்து நீல ஒளியைப் போட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "என்னம்மா கலர்ல இருக்கு?" என்று அமுதாவைக் கேட்டேன். அவள் திரைக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "ரோஜாப்பூ கலர் சார். அழகா இருக்கு" என்று சொல்லி, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் வெட்டிய துண்டு ஏற்கெனவே மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் போய்விட்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து போன் அடித்தது. வழக்கமாக நர்ஸ் போனை டாக்டர் காதில் வைப்பாராம். அன்றைக்கு அவசரத்தில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டார்.

"ஃப்ரோஸன் ரிசல்ட் சார். ஹை கிரேட் கிளையோமா. நெக்ரோசிஸ் நிறைய இருக்கு."

"ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்க" என்றார் டாக்டர். அதற்குள் போக வேண்டியது போய்ச் சேர்ந்துவிட்டது.

கிளையோமா என்றால் மூளையைத் தாங்கி நிற்கும் செல்களிலிருந்து கிளம்பும் கட்டி. ஹை கிரேட் என்றால் வேகமாக வளரும் ரகம். நெக்ரோசிஸ் என்றால், வளர்ந்த வேகத்தில் தனக்கே ரத்தம் போதாமல் நடுவில் செத்துப்போன சதை. மூன்றும் சேர்ந்தால் கணக்கு வருஷத்தில் இல்லை, மாதத்தில். அந்த மேசையில் வேறு யார் படுத்திருந்தாலும் இங்கிலீஷில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று போயிருக்கும். நான் இருபத்தாறு வருஷம் இந்தச் சொற்களை மடித்துக் கவரில் போட்டவன்.

"சார், சௌகரியமா இருக்கீங்களா? தொடரலாமா?" என்றார் டாக்டர்.

"தொடருங்க" என்றேன்.

அமுதா அடுத்த படத்தைத் திருப்பினாள். "இது?"

"இது குடை."

அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அழவும் வழியில்லை. நான் பேச்சை நிறுத்தினால் அந்த இடத்தில் பேச்சு இருக்கிறது என்று நினைத்து டாக்டர் கையை எடுத்துவிடுவார். கட்டி அங்கேயே தங்கிவிடும். என் துக்கம் வேறு, அவருடைய கரன்ட் வேறு என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே துக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் படம் பார்த்துப் பேர் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு எவனுக்கும் இப்படி ஒரு நிலைமை வர வேண்டாம், சேசுவே.

அடுத்த படத்தைக் காட்டினாள். கதவு. பச்சைக் கதவு இல்லை, சாதாரண மரக் கதவு. கதவு என்று எனக்குத் தெரிகிறது. அதற்கு அந்தப் பக்கம் பிலோமி நிற்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். "இது..." என்றேன். சொல் வரவில்லை.

"ஸ்டாப்" என்றாள் அமுதா.

அதற்குப் பிறகும் படங்கள் காட்டினார்கள். என்ன காட்டினார்கள், என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. டாக்டரின் குரல் மட்டும் கேட்டது. "இன்னும் கொஞ்சம் ஒளிருது. ஆனா இங்க நிறுத்திக்குவோம். இது அவர் பேச்சு."

பிறகு மறுபடி தூங்க வைத்துவிட்டார்கள்.

அந்த மருந்து உடம்பில் இருக்கிறவரை வெளிச்சம் பட்டால் தோல் வெந்துபோகும் என்று அறையை இருட்டாக வைத்திருந்தார்கள். ஜன்னல் திரை போதாது என்று பிலோமி தன் கருநீலச் சேலையையும் அதன்மேல் தொங்கவிட்டிருந்தாள். பகல் பதினோரு மணிக்கு அறை கருக்கலாக இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். முகம் தெரியவில்லை.

"சாதாரணக் கட்டிதானாம்ங்க. டாக்டரே வெளிய வந்து சொன்னாக. முக்கால்வாசிக்கு மேல எடுத்தாச்சாம். மாதா காப்பாத்திட்டா."

குரல் பிசகவில்லை. நான் படுத்திருந்த மேசைக்கே அந்த முடிவு வந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் முடிவு என்றால் கவரில் வருவது, பின் போட்டு வருவது. நான் விழித்திருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவில்லை.

"நல்லதுதான்" என்றேன். அந்தச் சொல் சுளுவாக வந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏதாவது கேக்கணுமா சார்?" என்றார். பிலோமி என் தலைமாட்டில் நின்றிருந்தாள். கேட்க ஒன்று இருந்தது. அந்தக் கதவுப் படத்தில் நின்றது அவருடைய கரன்ட்டா, என் நெஞ்சா? என் துக்கத்தால்தான் அந்தத் துண்டை உள்ளேயே விட்டுவிட்டாரா? கேட்டால் எனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும். "ஒண்ணுமில்லை டாக்டர்" என்றேன்.

ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வர வேண்டும். நான் கேட்காமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்று தினம் கேட்டேன். "ரிப்போர்ட் எங்கடா? இருபத்தாறு வருஷம் லேப் நடத்துறவனுக்கு அவன் ரிப்போர்ட்டைக் காட்ட மாட்டீகளா?" என்று பெஞ்சமினிடம் சத்தம் போட்டேன். வீடு வந்து சேர்ந்த இரண்டாம் நாள், ஒரு தூக்கில் ஆட்டுக்கால் சூப்பும் ஒரு கவருமாக நூர்ஜஹான் வந்தாள். கவரை பிலோமியிடம் கொடுக்க, பிலோமி சிரித்த முகமாக அதை என்னிடம் நீட்டினாள்.

கவரில் இரண்டு பின்.

பிலோமி பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை. நூர்ஜஹானின் கை பழக்கத்தில் அடித்திருக்கிறது. பிலோமியும் பெஞ்சமினும் கேட்டபடி பொய்யை அழகாக டைப் அடித்து, கிரேடு ஒன்று, ஆபத்தில்லாத கட்டி என்று போட்டு, கையெழுத்து இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கவரை மூடும்போது மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டாள். நான் பின்களைக் கழற்றினேன். இரண்டுக்கும் நேரம் எடுத்துக்கொண்டேன். நான் படித்து முடித்து நிமிர்ந்தபோது நூர்ஜஹான் என் கையிலிருந்த பின்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் செத்துவிட்டது.

"நல்லா டைப் அடிச்சிருக்காக" என்றேன். "சூப்பை ஊத்து தாயி, ஆறிடப் போகுது."

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்ணை நானும் சேர்ந்து சித்திரவதை செய்திருக்கிறேன்.

கதிர் சிகிச்சைக்குப் போனோம். "மிச்சம் மீதி இருந்தாக் கருக்கிரும், அவ்வளவுதான்" என்றான் பெஞ்சமின். ஆறு வாரம். வெள்ளை வலை முகமூடி ஒன்றைச் சூடாக்கி என் முகத்துக்கு அச்செடுத்து, அதைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள். தலை ஒரு நூல் அசையக் கூடாது. கட்டிக்கான மாத்திரையை பிலோமி அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டு, சத்து மாத்திரை என்று கொடுத்தாள். சத்து மாத்திரைக்கு வாராவாரம் ரத்த அணு எண்ணுவார்களா? என் லேப்பில், என் மைக்ராஸ்கோப்பில், நூர்ஜஹான் எண்ணினாள். நான் "சத்து ஏறியிருக்கா?" என்று கேட்பேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே "ஏறியிருக்குண்ணே" என்பாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடுமை நன்றிப் பூசை. பிலோமி சொன்ன பொய்யை நம்பிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களுக்காகப் பூசை கொடுத்துவிட்டார்கள். சாமியார் என் பெயரைச் சொல்லி, பெரிய ஆபத்திலிருந்து மீண்ட சகோதரருக்காக இறைவனுக்கு நன்றி சொல்வோம் என்றார். முட்டி போட்டோம். என் தோளும் அவள் தோளும் உரசிக்கொண்டிருந்தன. இருவருக்கும் ஒரே விஷயம் தெரியும். இருவரும் அடுத்தவருக்குத் தெரியாது என்று நினைத்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் எழுந்திருக்கிறாள், அதையும் பிடுங்கிவிட்டால் என்ன ஆவாள் என்று பயந்தேன். டாக்டர் கட்டியை விட்டுவைத்து என் பேச்சைக் காப்பாற்றிக் கொடுத்தார். அந்தப் பேச்சை வைத்து நான் ஏழு மாதம் 'நல்லா இருக்கேன்' என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழாம் மாதம் காலைச் சாப்பாட்டில் 'உப்பு' வரவில்லை. விரலால் காட்டினேன். பிலோமி எடுத்துக் கொடுத்துவிட்டு, "எனக்கும்தான் மறக்குது, வயசாகுதுல்ல" என்றாள். மறுநாள் குளித்துவிட்டுத் தலை துவட்டக் கேட்கும்போது 'துண்டு' போயிற்று. அதற்கடுத்த நாள் அவள் பெயர் வர நேரமாயிற்று. விட்டுவைத்த துண்டு வளர்கிறது என்று புரிந்துவிட்டது. இனிமேல் தள்ளிப் போட்டால் சொல்ல வாய் இருக்காது.

அன்று மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"பிலோமி, எனக்கு..."

வேண்டியது ஒரே ஒரு சொல். தெரியும். அது வரவில்லை. எத்தனையோ தரம் தொண்டை வரைக்கும் வந்து நான் விழுங்கிய சொல், நான் கூப்பிட்டபோது வரவில்லை. "எனக்கு... எனக்கு..." என்று திக்கினேன். அவள் பயந்துபோய் "என்னங்க செய்யுது? தலை வலிக்குதா?" என்று எழுந்தாள். நான் பீரோவைத் திறந்து அந்தக் கவரை எடுத்தேன். கழற்றிய இரண்டு பின்னையும் அதற்குள்ளேயே வைத்திருந்தேன். கவரில் அவை இருந்த துளைகளைக் காட்டி, இரண்டு பின்னையும் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அந்த வழக்கத்தை வைத்தவளே அவள்தான். கையைப் பார்த்தாள். கவரைப் பார்த்தாள். கீரை சிதறியிருந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி போட எனக்குத் தோன்றவில்லை.

"இந்தக் கவர் வந்த அன்னைக்கே தெரியுமா?"

இல்லை என்று தலையசைத்தேன். தலையில் தழும்பைத் தொட்டேன். காதைத் தொட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். மெல்ல மெல்லப் புரிந்தது. "மேசையிலயா?" என்றாள். "முழிச்சிருந்தப்பவா? மாதாவே! அதை நான் நெனைக்கவே இல்லையே! டாக்டர் வெளிய வந்து சொன்னப்போ பெஞ்சமின் என்னைத் தாங்கிப் பிடிச்சான். உங்களை யாருங்க பிடிச்சா? தனியாக் கேட்டுட்டுக் கிடந்தீகளா?" என்று என் முழங்காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். அவள் அழுதது நோய்க்காக இல்லை. நான் தனியாகக் கேட்டதற்காக. நானும் அழுதேன். மேசையில் தள்ளிவைத்ததையெல்லாம் சேர்த்து அழுதேன். அழச் சொல் வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் மதுரைக்குப் போய் மாத்திரையைக் கூட்டினோம். சொற்கள் திரும்பின. முதலில் என் சந்தேகத்தை பிலோமியிடம் சொன்னேன். அவளே டாக்டரிடம் கேட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க.

"டாக்டர், இவுக அன்னைக்குக் கதவுப் படத்துல நின்னது கரன்ட்டாலயா, மனசு ஒடைஞ்சதுனாலயா? அதனாலதான் அந்தத் துண்டை விட்டுட்டீகளா?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கேட்டுட்டீங்களோன்னு நினைச்சேன் சார். நீங்க 'ஒண்ணுமில்லை'ன்னு சொன்னதும் விட்டுட்டேன். கேட்டிருக்கணும்" என்றார். பிறகு பைலில் அமுதா எழுதிய தாளைத் தேடி எடுத்தார். ஒரே இடத்தை மூன்று தடவை தொடுவார்களாம், விட்டுவிட்டு, நடுவில் வேறு இடங்களைத் தொட்டு. அந்த இடத்தில் மூன்று தடவையும் பேச்சு நின்றிருக்கிறது. கதவு. தேங்காய். மணி. தொடாமல் காட்டிய படங்களையெல்லாம் சொல்லியிருக்கிறேன். தேங்காயும் மணியும் எனக்கு நினைவே இல்லை.

"அது உங்க மனசு இல்ல சார். அந்த இடம்தான்."

நம்பினேன். தாளில் இருப்பதை நம்புவது என் தொழில். ஆனால் தாளில் பொய்யும் டைப் அடிக்கலாம் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். அதைச் சொன்னதும் பிலோமி காரில் என்னை அடித்தாள், ஏழு மாதத்தில் முதல் தடவையாக.

அன்று வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "போன் வந்தப்புறம் காட்டின படத்தையெல்லாம் வரிசையாச் சொல்லுங்க. நான் இல்லாதப்போ நடந்ததுல்ல. எனக்கும் தெரியணும்."

"குடை."

"சொன்னீகளா?"

"சொன்னேன்."

"அடுத்து?"

"கதவு."

"அந்தக் கதவுக்கு வெளியதாங்க நின்னேன். உக்காரக்கூட இல்ல" என்றாள்.

அதிலிருந்து தினமும் காலையில் காப்பி கொண்டுவரும்போது எங்கள் அறைக் கதவைக் காட்டி "இது?" என்று கேட்கிறாள். நான் "இது கதவு" என்கிறேன். பிறகுதான் காப்பி. எங்களுக்குள் இப்போது பொய் இல்லை. ஸ்கேனில் அந்தத் துண்டு பெரிதாகியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு எந்தச் சட்டை போட்டு அடக்க வேண்டும் என்பதுவரை பேசிவிட்டோம். லேப்பை நூர்ஜஹான் பெயருக்கு மாற்றிவிட்டேன். இரண்டு பின் வழக்கத்தை விட்டுவிடாதே என்று மட்டும் சொன்னேன்.

"ஒரு நாள் வராமப் போகும்" என்று நேற்று பிலோமியிடம் சொன்னேன்.

"வராட்டிப் போகுது" என்றாள். "நீங்க கதவைப் பாத்தாப் போதும். நான் சொல்லிக்கிறேன்."

இன்று காலை சொல் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று. காப்பி ஆறும்வரை அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் வந்துவிட்டது.